பச்சைக் கோட்டில் ஒரு குழி

ஏங்க, கோவிச்சுக்காதீங்க, உங்க பெட்டி மேல ஒட்டியிருக்கறதைப் படிச்சுட்டேன். சென்சார்னு போட்டிருக்குதுங்களே, நீங்க அந்தக் கம்பெனிங்களா? அட, சரியாக் காட்டுதான்னு சோதிச்சுத் தர்றதே நீங்கதானா! பாருங்க, கோயமுத்தூர்ல ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தை பேசாம எதிரெதிர உக்காந்துட்டு வந்திருக்கறோம். உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் நான் வருஷக்கணக்காத் தேடிட்டு இருக்கறேன். எங்க எறங்கறீங்க? சேலமா? போதும். அதுக்குள்ள சொல்லி முடிச்சுடுவேன். முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி. அதுக்குப் பதில் சொல்லிட்டு எறங்குங்க.

பெரிய கேள்வி இல்லீங்க. கார் ஆக்சிலேட்டர் பெடல்ல ஒரு சென்சார் இருக்குமில்லீங்களா, கால் எவ்வளவு அமுக்குதுன்னு சொல்றது. அது எல்லா எடத்துலயும் சரியாக் காட்டிட்டு, ஒரே ஒரு எடத்துல மட்டும் தப்பாக் காட்டுமா? இருங்க, இருங்க, இப்பவே சொல்லாதீங்க. பாதி கேட்டுட்டுச் சொன்னவங்க எல்லாம் ஒரு மாதிரி சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. நீங்க முழுசாக் கேளுங்க. முறுக்கு எடுத்துக்குங்க.

என் பேர் கோகிலவாணி. இப்ப மெட்ராஸ்ல ஒரு பம்பு கம்பெனில இருக்கறேன். பம்புக்குள்ள தண்ணி எப்படி ஓடும்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கற வேலை. தண்ணி பாவம், சொன்ன பேச்சு கேக்கும். அதுக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ரேஸ் எஞ்சின் பண்ணிட்டு இருந்தேன். டீசல் ரேஸ் எஞ்சின்.

சிரிக்கறீங்க பாத்தீங்களா. எல்லாரும்தான் சிரிச்சாங்க. திருமூர்த்தி சார்னு எங்க மொதலாளி, ஜெனரேட்டர் எஞ்சின் பண்றவர். அவருக்கு ஒரே வெறி, டீசல் வண்டியை வெச்சு பெட்ரோல் வண்டிகளை ஜெயிக்கணும்னு. நாங்க ட்ராக்குக்கு வண்டியைக் கொண்டு போனா, ‘லாரி வந்துருச்சுடா, வழி விடுங்கடா’ம்பானுக. பொகை வந்தா மூக்கைப் பொத்திக் காட்டுவானுக. அதுல எனக்கு வந்த ரோஷம் இருக்குதே, சோறு எறங்காது.

எஞ்சினைச் செஞ்சு, ஓட்டி, ஒடைச்சு, மறுபடி செஞ்சுன்னு போனா ஒரு ஆயுசு பத்தாது. அதுக்குத்தான் நான். முழு எஞ்சினையும் கம்ப்யூட்டருக்குள்ள கட்டினேன், மாடல்னு சொல்லுவோம். காத்து உள்ள வர்றது, டீசல் பீச்சறது, எரியறது, பொகை வெளிய ஓடி டர்போவைச் சுத்தறது, டர்போ திரும்பக் காத்தை உள்ள தள்றது, எல்லாம். அங்க எஞ்சின் வெடிக்கும். தெனமும் வெடிக்கும். காலைல ஒண்ணு, டீக்கு முன்னாடி ஒண்ணு. ஸ்க்ரீன்ல சேப்பா ஒரு வரி வரும், அவ்வளவுதான். யாருக்கும் காயமில்ல. அதுதாங்க அந்த வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்சது.

டீசலுக்கு டர்போதான் உசுரு. திருப்பத்துல காலை எடுத்துட்டு மறுபடி அமுக்கினா அது தூக்கத்துல இருந்து எந்திரிக்கற மாதிரி மெதுவாத்தான் சுத்த ஆரம்பிக்கும். அந்த மெதுவுலதான் நாங்க தோத்துட்டே இருந்தோம். அப்ப எந்த டர்போ, எவ்வளவு பெருசுன்னு கம்ப்யூட்டர்ல தேடணும். தேடறதுக்கு, ஓட்டறவன் எங்க காலை அமுக்கறான், எங்க எடுக்கறான்னு தெரியணும். ஓட்டறவன் மருதாசலம்.

அவன்னு சொல்றேன், நேர்ல ‘வாங்க போங்க’தான். பொள்ளாச்சிப் பக்கம். தேங்கா லோடு லாரில வண்டி பழகினவன். ட்ராக்குக்கு வர்றப்பெல்லாம் எளநி கொண்டு வருவான். எல்லாருக்கும்தான். எனக்கு மட்டும் சீவி, ஓட்டை போட்டு, கைல குடுப்பான், ஏன்னா நான் லேப்டாப்பை விட்டு எந்திரிக்க மாட்டேன் பாருங்க.

ஒரு தடவை ஸ்க்ரீனைப் பாத்துட்டே நின்னான். ‘இதுல நான் எங்கீங்க மேடம் இருக்கறேன்?’னான். ‘இந்தப் பச்சைக் கோடு நீங்கதான். மேல போனா காலை அமுக்கறீங்க, கீழ வந்தா எடுக்கறீங்க’ன்னேன். ‘நீங்க எங்கீங்க?’ ‘நான் இதுல இல்லீங்க, நான் வெளிய இருந்து பாக்கறவ.’ ‘நீங்க இல்லாம கணக்கு எப்படீங்க சரியா வரும்?’னான். மாடல்னா என்னன்னு புரியல போலிருக்குதேன்னு நெனச்சு போர்டுல வரைஞ்சு ஒரு பாடமே எடுத்தேன். ஒரு வார்த்தை குறுக்க பேசாம கேட்டுட்டு இருந்தான். ரொம்பப் பொறுமைசாலிங்க.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். வண்டி அனுப்பற டேட்டாவை வாங்கிக்கறதுக்கு ஒரு ரிசீவர் வெச்சிருந்தோம். பழைய சரக்கு. நேர்ரோட்டு நடுவுல, கம்பி வேலியோரம் நின்னாத்தான் அதுக்குத் தெளிவாக் கெடைக்கும். அதனால என் எடம் அதுதான். கழுத்துல ரிசீவர், மடில லேப்டாப், மேல ஒரு மஞ்சக் குடை. சித்திரை வெயில்ல நின்னு நின்னு எங்கம்மா, ‘பொண்ணு பாக்க வர்றவங்க ஓடிருவாங்க, இப்படிக் கருத்துட்டு நிக்கறியே’ன்னு அழுவாங்க.

அந்தப் பச்சைக் கோட்டுல ஒரு குழி வந்துச்சுங்க. நேர்ரோட்டு நடுவுல. எவனும் காலை எடுக்காத எடம் அது, முழுசா அமுக்கிட்டுப் பறக்கற எடம். அங்க கோடு சட்டுனு எறங்கி, சட்டுனு ஏறுது. கண்ணு இமைக்கற நேரம். ஒவ்வொரு ரவுண்டும்.

மருதாசலத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘ஏனுங்க, நேர்ரோட்டுல காலை எடுக்கறீங்களா?’

‘இல்லீங்க மேடம்.’

‘டேட்டா எடுக்கறீங்கன்னு சொல்லுதுங்க.’

‘நான் எடுக்கலீங்க.’ மொகமெல்லாம் செவந்துருச்சு. வெயில்.

அவன் பொய் சொல்றவன் இல்லைங்க. கியரைத் தப்பாப் போட்டா தானே வந்து சொல்லுவான். வண்டியைச் சேத்துல விட்டா, ‘என் தப்புதானுங்க’ம்பான், வண்டியை ஒரு குத்தம் சொல்லமாட்டான். அப்படிப்பட்டவன் எடுக்கலைன்னா எடுக்கலை. படிச்சு முடிச்ச நாள்ல இருந்து டேட்டாவை மட்டும் நம்பறவ நான். எங்கப்பா காய்ச்சல்னா கூட தெர்மாமீட்டரைக் காட்டுங்கம்பேன். இந்த ஒரு விஷயத்துல மட்டும் டேட்டாவை விட்டுட்டு ஆளை நம்பினேன்.

அப்ப தப்பு சென்சார்ல. மாத்தினோம். குழி இருந்துச்சு. வயரை மாத்தினோம். இருந்துச்சு. பெடலையே மாத்தினோம். செல்லமுத்தண்ணன்னு எங்க மெக்கானிக், வயசானவர், பெடலைக் கழட்டி மாட்டிக் கழட்டி மாட்டி, ‘அம்மிணி, இதுல ஒண்ணுமில்ல, வுட்ரு’ன்னார். நான் விடற ஆளா?

ஒரு நாள் வெயில் தாங்காம எடம் மாறி நின்னேன். ரெண்டாவது திருப்பம் தாண்டி ஒரு புளியமரம், அதுக்கடியில. சிக்னல் விட்டு விட்டுத்தான் வந்துச்சு, ஆனாலும் வந்துச்சு. பாத்தா, நேர்ரோட்டுல குழியைக் காணோம். புளியமரத்துக்கிட்ட இருக்குது குழி! கண்டுபிடிச்சுட்டேன்! நான் போற பக்கம் குழி வருதுன்னா என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. என் கழுத்துல தொங்கற ரிசீவர்தான் காரணம். அதுதான் பெடல் வயர்ல எதையோ கெளப்பி விடுது. வண்டி அதை நெசம்னு நம்பி டீசலைக் கொறைக்குது.

பட்டறைல எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு இதைச் சொன்னேன். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. செல்லமுத்தண்ணன் இருமிட்டே வெளிய போயிட்டார். எனக்குக் கோவம். ‘இதுல சிரிக்க என்ன இருக்குது?’ன்னு கத்தினேன். மருதாசலம் ஒருத்தன்தான் எனக்காகப் பேசினான். தலையைக் குனிஞ்சுட்டு, ‘ஆமாங்க மேடம், அதாத்தானுங்க இருக்கும்’னான்.

நீங்களும் அப்படிப் பாக்காதீங்க. ரிசீவர் வாங்கிக்கற கருவிதான், அது எதையும் அனுப்பாதுன்னு எனக்குத் தெரியாதா? பழைய பெட்டி, உள்ள எதாச்சும் கசியலாமில்லீங்களா. கசியாதுன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா உங்களால? இருங்க, கடைசில கேக்கறேன்.

வண்டிலயும் பதிவாகும், ஆனா ஓடறப்பவே பாக்கணும்னா ரிசீவர் வேணும். ரேஸ்லயும் டேட்டா வேணும். அப்ப ரேஸ்லயும் ரிசீவர் இருக்கும், குழியும் இருக்கும். சரி, இது இந்த வண்டியோட கொணம்னு முடிவு பண்ணி, குழியையும் மாடல்ல சேத்துட்டேன். அதோட சேத்துத் தேடினப்ப கம்ப்யூட்டர் ஒரு சின்ன டர்போவைக் காட்டுச்சு. சின்னது, சுறுசுறுப்பானது. குழில எறங்கின வேகத்துல ஏறிரும். ஆனா ஒண்ணு, சின்ன டர்போ தாங்கற எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல சுத்தும். நேர்ரோட்டுல வேகம் ஏறி ஏறி எல்லையைத் தொடப் போறப்ப, அந்தக் குழி வந்து ஒரு மூச்சு விட வெக்கும். பொழச்சுக்கும். மறுபடி ஏறும், அதுக்குள்ள திருப்பம் வந்துரும். என்ன அழகான கணக்குங்க. டர்போ வேகத்தைப் பாக்கறதுக்கு ஒரு சென்சார் வெச்சிருக்கலாம், அவ்வளவு சின்னதுல மாட்ட எடமில்ல. மாடல் இருக்குதேன்னு விட்டுட்டோம்.

வண்டி பறந்துச்சுங்க. பொகை இல்ல. மூக்கைப் பொத்தினவனெல்லாம் வாயைப் பொத்தினான். சனிக்கெழமை தகுதிச் சுத்துல மொத வரிசைல நின்னோம். திருமூர்த்தி சார் கண்ணைத் தொடைச்சுட்டார். நான் கம்பியோரத்துல குடையைச் சுத்தி வீசினேன்னு நெனைக்கறேன், அவ்வளவு சந்தோஷம்.

ரேஸ் ஞாயித்துக்கெழமை. அன்னிக்குத்தான் எனக்கு நிச்சயம். எங்க பக்கம் உப்புச்சக்கரை மாத்தறதும்பாங்க, ரெண்டு வீட்டாரும் உப்பும் சக்கரையும் மாத்திக்கிட்டா வார்த்தை உறுதி ஆன மாதிரி. நாளைத் தள்ளி வெய்யுங்கன்னு எங்கம்மா கால்ல விழாத கொறை. ‘எஞ்சினைக் கட்டிக்கப் போறியா?’ன்னாங்க.

சனிக்கெழமை சாயங்காலம் கெளம்பறப்ப மருதாசலம் வந்தான். ஹெல்மெட்டை ஒரு கைல இருந்து இன்னொரு கைக்கு மாத்திட்டே நின்னான்.

‘நாளைக்குக் கம்பியோரம் நிக்கமாட்டீங்களாங்க மேடம்?’

‘நிச்சயம்ங்க. திருமூர்த்தி சார் சொல்லலீங்களா?’

‘சொன்னாருங்க.’

‘டேட்டா போயிருமேன்னு கவலைப்படாதீங்க, நான் வழி பண்ணிட்டேன்’னேன்.

‘டேட்டாவா...’ன்னான். ‘ஆமாங்க. டேட்டா வேணுமில்லீங்க.’ அப்பறம் ‘சந்தோஷமா இருங்க மேடம்’னான். நாளைக்கு ஜெயிங்கன்னு நானும் சொன்னேன். கையைக் கூடக் குலுக்கல. அந்தப் பழக்கமெல்லாம் எங்களுக்குள்ள இல்லீங்க.

ஈரோடு தாண்டிருச்சுங்களா? சரி. வெரசாச் சொல்றேன்.

மண்டபத்துல எல்லாரும் உக்காந்து சக்கரை மாத்திட்டு இருந்தாங்க. என் போன் எங்க சித்தி பொண்ணுகிட்ட இருந்துச்சு. சாப்பாட்டுப் பந்தி முடிஞ்சுதான் குடுத்தா. நிச்சயத்துல போன் பாக்கறவன்னு பேர் வந்துரும்னு அவளுக்குப் பயம். ரேஸ்ல மருதாசலம் முன்னாடி போயிட்டு இருந்திருக்கறான். எல்லாருக்கும் முன்னாடி. டீசல் வண்டி! முடியப் போற நேரத்துல, நேர்ரோட்டு முடிவுல, டர்போ வெடிச்சுருச்சு.

டீசல் எஞ்சின்ல டர்போ போனா என்னாகும்னு உங்களுக்குத் தெரியும். எண்ணெ உள்ள போயிரும். எஞ்சின் தன் எண்ணெயைத் தானே குடிச்சுட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது, டீசலை நிறுத்தினாலும் நிக்காது. ஒரே வெள்ளைப் பொகை. ஒண்ணும் தெரியாத பொகைல வண்டியைத் திருப்பி டயர் குமிச்சு வெச்ச செவுத்துல மோதி நிறுத்தியிருக்கறான். வலது கால் பெடலுக்கடியில மாட்டிக்கிச்சு.

பட்டுச்சேலையோடயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் வண்டிலயே கூட்டிட்டுப் போனாங்க, நல்ல மனுஷங்க. கணுக்கால் நொறுங்கிப் போச்சு, இனி ரேஸ் கெடையாதுன்னுட்டாங்க. என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான். எந்திரிக்காதீங்கன்னேன்.

‘சக்கரை மாத்தியாச்சுங்களா மேடம்?’ மொதக் கேள்வியே அதுதாங்க.

‘ஆச்சுங்க.’

‘நல்லதுங்க.’

எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. தெரியாதப்ப நான் வேலையைத்தான் பேசுவேன். ‘மருதாசலம், ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லுங்க. ப்ராக்டீஸ்ல எல்லாம் நேர்ரோட்டுல காலை எடுத்தீங்களா, இல்லையா? எனக்கு மாடலைத் திருத்தணும்’னேன். மாடலைத் திருத்தணுமாம்! தலைல முழம் முழமாப் பூவை வெச்சுட்டு, ஒடிஞ்சு கெடக்கறவன்கிட்டப் போய் மாடலைத் திருத்தணுமாம்!

கட்டுப் போட்ட காலையே பாத்துட்டு இருந்தான். ‘எடுக்கலீங்க மேடம். ஒரு நாளும் எடுக்கலீங்க. உங்க மெஷின்தானுங்க’ன்னான். அப்பறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். ஊசி போட்டிருந்தாங்க, தூக்கம் வந்திருக்கும்.

அதுக்கப்பறம் நான் அவனைப் பாக்கலீங்க. கல்யாணம், மெட்ராஸ்னு வந்துட்டேன். பொள்ளாச்சில டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கறானாம். கத்துக்கறவங்களுக்குப் பக்கத்துல உக்காந்துக்கறானாம். எங்க வீட்டுக்காரர் தங்கமானவர். காலைல கெளம்பினா திரும்பிப் பாக்காமப் போவார், அது அவர் சுபாவம், நான் ஒண்ணும் நெனைக்கறதில்ல. ஜன்னல்ல நின்னு பாப்பேன், தெருமுனை வரைக்கும். அப்பறம் பாத்திரம் கழுவப் போயிருவேன்.

வண்டில பதிவான ரேஸ் டேட்டா எனக்கு வந்துச்சு. தொறந்து பாத்தா, பச்சைக் கோடு நேர்ரோட்டுல நூல் புடிச்ச மாதிரி இருக்குது. குழி இல்ல. எந்த ரவுண்டுலயும் இல்ல. மூச்சு விடாம ஓடி ஓடி டர்போ செத்துருச்சு. கம்ப்யூட்டர்ல குழியை எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். அதே எடத்துல சேப்பு வரி வந்துச்சு. எவ்வளவு நல்ல மாடல் பாருங்க! அதை முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பாத்திருக்கலாமேன்னு எல்லாரும் கேட்டாங்க. தோணலீங்க. குழி இல்லாத ஒரு ரவுண்டை நான் பாத்ததே இல்லையே. நான் இருந்த எடத்துலெல்லாம் அது இருந்துச்சே.

என்னங்க கேட்டீங்க? ரிசீவரா? அன்னிக்கு ரிசீவர் அங்க இல்ல, அதனாலதான் குழி இல்லைங்கறீங்களா?

அப்படிச் சொல்லுவீங்கன்னுதாங்க இவ்வளவு தூரம் சொல்லிட்டு வந்தேன். அப்படியே இருந்திருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும். நான் அதை எடுத்துட்டுப் போகலீங்க. வழி பண்ணிட்டேன்னு சொன்னேனில்ல? செல்லமுத்தண்ணன் கழுத்துல மாட்டி விட்டுட்டுத்தான் போனேன். அதே ரிசீவர். அதே கம்பியோரம். வெயிலா இருக்குதேன்னு என் மஞ்சக் குடையையும் குடுத்துட்டுப் போனேன். எல்லாம் அங்கயே இருந்துச்சுங்க. நான் ஒருத்திதான் இல்ல.

செல்லமுத்தண்ணன் என் கல்யாணத்துக்கு வந்திருந்தார். சாப்பிட்டுட்டுக் கையைத் தொடைச்சுட்டே சொன்னார், ‘மொத ரவுண்டு குடைப்பக்கம் திரும்பினான் அம்மிணி. தூரத்துலயே திரும்பிட்டான். கிட்ட வந்து என்னையப் பாத்தான். அதுக்கப்பறம் திரும்பவே இல்ல.’ அவருக்கு வயசாயிருச்சு, அந்த வேகத்துல போற வண்டிக்குள்ள ஹெல்மெட் திரும்புதா இல்லையான்னு கண்ணுக்குத் தெரியுமா? நீங்களே சொல்லுங்க.

இல்லீங்க, நான் அழுகல. ஜன்னலோரம், தூசி. அவ்வளவுதான்.

வண்டி மெதுவாகுது. சேலம்தான். பெட்டியைக் குடுங்க, நான் எடுத்துத் தர்றேன். இவ்வளவு சென்சார் பாத்திருக்கறீங்க. ஒண்ணே ஒண்ணாச்சும் அப்படிப் பாத்திருக்கமாட்டீங்களா? எல்லா நாளும் தப்பாக் காட்டிட்டு, ஒரு நாள் தானா சரியாப் போனது? இருக்கும்ங்க. பெரிய கம்பெனி, எங்காச்சும் ஒண்ணு இருந்திருக்கும். ஏன் கையைப் புடிக்கறீங்க? கையை விடுங்க. பதிலைச் சொல்லுங்க. அது சென்சார்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்குங்க, நீங்க சொன்னா நான் நம்பிக்கறேன். அவனும் எடுக்கலைன்னுதானுங்க சொன்னான்.